லொறி ஓடுகிறது, களஞ்சியம் நிறைந்திருக்கிறது, காசைத்தான் காணவில்லை: அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

திருகோணமலையில் லொறியும் களஞ்சியமும் வைத்துத் தொழில் செய்பவர்கள் கணக்கைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தால், முதல் வசனம் அனேகமாக இதுதான்: "லோட் குறைஞ்சு போச்சு." கொஞ்சம் கிண்டிப் பார்த்தால் பல இடங்களில் லோட் குறைந்திருக்காது. லொறி நிற்கும் நேரம்தான் கூடியிருக்கும். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான். சீனக்குடாப் பக்கம் ஒரு லொறிக் கந்தோரில் கணக்கெழுதிய காலத்தில், இன்னொரு லொறி எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று முதலாளிக்குச் சொல்லி லீசிங்கில் எடுக்கவும் வைத்தேன். வரிசையில் நிற்கும் லொறி ஒன்று கூடியது, வேறு எதுவும் கூடவில்லை.

கீழே உள்ள தலைப்புகளில் உங்கள் வருத்தம் எதுவோ அதற்கு நேரே போய்விடலாம். ஆனால் கொப்பி வேலையை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

தொடங்குமுன்: வாயிலில் ஒரு கொப்பி

எந்த அறிகுறியானாலும் இரண்டு கிழமை பொறுங்கள். 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்கி, அதில் பேனையை நூலால் கட்டி வாயிற்காவலரிடம் கொடுங்கள். ஒவ்வொரு லொறிக்கும் நாலு நேரம் எழுத வேண்டும்: வாயிலுக்கு வந்தது, ஏற்றவோ இறக்கவோ தொடங்கியது, அந்த வேலை முடிந்தது, வாயிலைத் தாண்டிப் போனது. சாரதியிடமும் ஒரு சின்னக் கொப்பி இருக்கட்டும். மறுமுனையில் நடப்பதை அவர் எழுதுவார். கூடவே ஏற்றிய தொன், லோட்டுடன் ஓடிய கிலோமீற்றர், வெறும் லொறியாக ஓடிய கிலோமீற்றர்.

ஜீபீஎஸ் பூட்டியிருக்கிறோமே என்பார்கள். நல்லதுதான். ஆனால் லொறி நிற்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். 'நாட்டாமைமார் (மூடை ஏற்றி இறக்குகிறவர்கள்) சாப்பிடப் போய்விட்டார்கள்', 'பில் இன்னும் வரவில்லை' என்று கொப்பியின் ஓரத்தில் கிறுக்கியிருப்பதுதான் காரணத்தைச் சொல்லும்.

அறிகுறி: விடிந்ததிலிருந்து வேலை, ஆனால் லொறிக்கு நாளுக்கு ஒரு ட்ரிப்தான்

அதிகம் காண்பது இதைத்தான். அதிகம் பிழையாக விளங்கிக்கொள்வதும் இதைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கந்தளாயிலிருந்து நகரத்துக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். லோட்டுடன் வர 1 மணி, வெறும் லொறியாகத் திரும்ப 1 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்ற 1 மணி, இறக்க 1 மணி. இரண்டு முனையிலும் சும்மா நிற்பது 4 மணி. மொத்தம் 8 மணி. 10 மணி நேர வேலை நாளில் ஒரு ட்ரிப் போக மிச்சம் 2 மணி, அதை வைத்து இன்னொரு ட்ரிப் அடிக்க முடியாது.

இப்போது சாரதியை விரட்டி, ஓடும் நேரத்தை 2 மணியிலிருந்து ஒன்றரை மணியாக்கினால் என்ன நடக்கும்? ஒரு சுற்று ஏழரை மணி. அப்போதும் ஒரு ட்ரிப்தான், டீசல்தான் கூடப் போகும். சும்மா நிற்கும் 4 மணியை 1 மணியாக்கினால்? ஒரு சுற்று 5 மணி. நாளுக்கு இரண்டு ட்ரிப். அதே லொறி, அதே சாரதி, அதே வேகம், இரண்டு மடங்கு சரக்கு. ட்ரிப் அரை அரையாகக் கூடாது, முழுதாகத்தான் கூடும். அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்திருத்தும்போது நெடுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் இருந்து, ஒரு நாள் திடீரென்று இரண்டாகிவிடும். நடுவில் மனம் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

சரி, எங்கே நிற்கிறது? கொப்பியில் வந்த நேரத்துக்கும் வேலை தொடங்கிய நேரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அது பெரிதாக இருந்தால் வரிசைப் பிரச்சினை. வேலை முடிந்த நேரத்துக்கும் வெளியே போன நேரத்துக்கும் இடைவெளி பெரிதென்றால் கடதாசிப் பிரச்சினை. நடுவில் உள்ளது, அதாவது ஏற்றும் நேரமே, பெரிதாக இருந்தால் மட்டும் நாட்டாமைமாரைப் பற்றி யோசியுங்கள். எல்லாரும் முதலில் அவர்களைத்தான் பிடிப்பார்கள்.

வரிசைப் பிரச்சினை எப்படிப் பிறக்கிறது என்பதற்கு ஒரு காட்சி. ஏற்றும் இடம் ஒன்று. ஒரு லொறிக்கு 40 நிமிடம். முதலாளி "எட்டு மணிக்கு வந்துடுங்க" என்று பத்து லொறிக்கும் சொல்லியிருக்கிறார். பத்தும் எட்டுக்கு நிற்கிறது. முதல் லொறி காத்திருக்கவில்லை, இரண்டாவது 40 நிமிடம், பத்தாவது 6 மணி நேரம். சராசரி 3 மணி. யாரும் சோம்பேறி இல்லை, ஏற்றுகிறவர்கள் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஆனாலும் பத்து லொறியும் சேர்ந்து 30 மணி நேரத்தைத் தின்றுவிட்டன. அதே பத்து லொறிக்கும் 40 நிமிட இடைவெளியில் நேரம் கொடுத்திருந்தால், கணக்கின்படி காத்திருப்பு பூச்சியம்.

நடைமுறையில் பூச்சியமாகாது. ஒன்று பஞ்சராகும், ஒன்று முன்னாலேயே வரும். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. லொறிகள் தங்கள் பாட்டில் வருகின்றன, ஏற்றும் நேரமும் முன்பின்னாக இருக்கிறது என்றால், அந்த இடம் நாளில் பாதி நேரம் வேலையாக இருக்கும்போது சராசரிக் காத்திருப்பு ஒரு லொறி ஏற்றும் நேர அளவு. 80 சதவீதம் வேலையாக இருந்தால் அது நாலு மடங்கு. 90 சதவீதம் என்றால் ஒன்பது மடங்கு. "நம்ம இடத்தில் ஒரு நிமிஷம்கூட ஓய்வில்லை" என்று பெருமையாகச் சொல்கிறவரின் வாயிலில்தான் வரிசை நீளமாக இருக்கும்.

செய்ய வேண்டியது: ஒவ்வொரு லொறிக்கும் முதல் நாள் மாலையே நேரம் சொல்லிவிடுங்கள், குரல் செய்தி போதும். நேரத்துக்கு வந்தவருக்கு நேரத்துக்கு ஏற்றிக் கொடுங்கள். விடியற்காலையில் வந்து முன்னால் செருகியவருக்கு முன்னுரிமை கொடுத்தால் மறுகிழமை எல்லாரும் விடியற்காலையில்தான் வருவார்கள். இந்த நேர ஒழுங்கு இரண்டாவது நாளே உடையும். சொந்தக்காரர், பழைய வாடிக்கையாளர், "அவசரம் தம்பி" எல்லாம் வரும். பொறுக்க வேண்டும்.

கடதாசிப் பிரச்சினையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு களஞ்சியத்தில் 200 மூடை சீமெந்து ஏற்றினார்கள். 50 கிலோ மூடை, 10 தொன். நாலு பேர், 50 நிமிடம். வேர்த்து விறுவிறுத்துப் போய், படங்கை இழுத்துக் கட்டி, கயிறும் முடிந்தாயிற்று. அதற்குப் பிறகு லொறி நின்றது 1 மணி 20 நிமிடம். கேட் பாஸில் கையொப்பம் வைக்கும் களஞ்சியக் காப்பாளர் வங்கிக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை சாரதி நிழலில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார். முதலாளிக்கு அது தெரியாது, அவர் நாட்டாமைமாரின் கூலியைக் குறைப்பது பற்றி என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். மருந்து சின்னது: லொறி உள்ளே வருமுன் பில் தயாராக இருக்க வேண்டும், கையொப்பம் வைக்க இரண்டாவது ஆள் ஒருவருக்கு எழுத்தில் அதிகாரம் இருக்க வேண்டும்.

இந்த நிற்கும் நேரம் எவ்வளவு பெரிய விடயம் என்பதைக் கிண்ணியாக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். 2009 இல் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கும்வரை அந்தப் பக்கம் போக 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைதான். லொறி அதற்குக் காத்திருந்து, ஏறி, கடந்து, இறங்கி வர வேண்டும். பாலம் வந்தபோது லொறியின் எஞ்சின் மாறவில்லை, கிண்ணியாவும் கிட்ட வரவில்லை. கரையில் நின்ற நேரம் மட்டும் இல்லாமல் போயிற்று. மூதூர், சேருவில நெல்லை எடுத்துக்கொண்டு ஒரே நாளில் போய் வரலாம் என்ற எண்ணமே அதன் பிறகுதான் பலருக்கு வந்தது.

உலகக் கதையும் இதுதான். 1956 இல் மல்கம் மக்லீன் என்ற அமெரிக்க லொறி முதலாளி பெட்டி பெட்டியாகக் கொள்கலன்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார். உதிரியாக ஏற்றினால் தொன்னுக்கு 5.83 டொலர் செலவான ஏற்றுகூலி 16 சதத்துக்கும் கீழே வந்தது. கப்பல் பழைய வேகத்தில்தான் ஓடியது. துறைமுகத்தில் கட்டிக் கிடந்த நாட்கள்தான் குறைந்தன.

அறிகுறி: களஞ்சியத்தில் கால் வைக்க இடமில்லை, வருமானம் மட்டும் அப்படியே

நிறைந்த களஞ்சியத்தைப் பார்த்துச் சந்தோசப்படுவது இயல்பு. மூடைக்கு மாதம் இவ்வளவு என்று வாடகை மட்டும் வாங்குகிறவருக்கு அது சரியும்கூட. ஆனால் நீங்கள் ஏற்றுகூலி, இறக்குகூலி, லொறி வாடகை எல்லாம் சேர்த்து உழைக்கிறவரென்றால், சரக்கு அசைந்தால்தான் காசு. கிடந்தால் வாடகை மட்டும்.

இதை ஒரு பெருக்கலில் அடக்கலாம். களஞ்சியத்தில் இருக்கும் மூடை = நாளொன்றுக்கு வரும் மூடை × ஒரு மூடை தங்கும் நாட்கள். மிகச் சாதாரணமாகத் தெரியும் இதை 1961 இல் ஜோன் லிட்டில் என்ற பேராசிரியர் கணிதத்தில் நிறுவிக் காட்டினார், இன்றும் அவர் பெயரில்தான் சொல்கிறார்கள். உங்கள் கூரைக்குக் கீழே 2,000 மூடை பிடிக்கும், ஒவ்வொன்றும் சராசரி 20 நாள் தங்குகிறது என்றால், நாளுக்கு 100 மூடைக்கு மேல் உங்களால் கையாள முடியாது. தலைகீழாக நின்றாலும் முடியாது. தங்கும் நாளை 10 ஆக்கினால் நாளுக்கு 200. புதுக் கட்டடம் தேவையில்லை.

ஆகவே முதலில் தேட வேண்டியது வெளியே போகாத மூடை. ஒவ்வொரு அடுக்கிலும் வந்த திகதி எழுதிய அட்டை தொங்க வேண்டும். மாதக் கடைசியில் ஒரு சுற்று நடந்து, 60 நாளுக்கு மேல் கிடப்பதை மட்டும் எழுதுங்கள். நான் பார்த்த ஒரு களஞ்சியத்தில் கதவுக்கு மிக அருகே, மிக நல்ல இடத்தில் இருந்தது என்ன தெரியுமா? யாரோ கடனுக்குக் கொடுத்துவிட்டுப் போன பழைய தண்ணீர்த் தாங்கிகள். நாளுக்கு மூன்று தடவை ஓடும் மாவு மூடைகள் பின்சுவரோடு. ஓடும் சரக்கு வாசலில், தூங்கும் சரக்கு பின்னால் என்று மாற்றிய அன்றே நாட்டாமைமாரின் நடை பாதியாகியது.

அடுத்தது, நிரப்பும் அளவு. கொள்ளளவில் 85 சதவீதத்தைத் தாண்டினால் வேலை மந்தமாகும் என்பது களஞ்சியத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் அளவு. நடைபாதையிலும் மூடை அடுக்கிவிட்டால், பின்னால் உள்ள 10 மூடையை எடுக்க முன்னால் உள்ள 40 ஐ நகர்த்த வேண்டும். அந்த 40 க்கு யாரும் உங்களுக்குக் கூலி தருவதில்லை. சீமெந்து என்றால் இன்னும் மோசம். பழையது உள்ளே, புதியது வெளியே என்று சிக்கிக்கொண்டால், எங்கள் கடற்காற்று ஈரத்தில் மூன்று மாதம் கிடந்த மூடை ஓரத்தில் கட்டிபட்டு, வலிமையும் குறைந்துவிடும். முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், வழி இருந்தால்தானே போகும்.

சும்மா கிடக்கும் கொள்ளளவுக்கு எங்கள் ஊரை விட்டால் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள் 99. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளும். மேல்பக்கத்துத் தாங்கிகள் பல பத்தாண்டுகளாகக் காட்டுக்குள் துருப்பிடித்து நின்றன. 2022 ஜனவரியில் 14 ஐ லங்கா ஐஓசியும், 24 ஐப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும், மிச்சம் 61 ஐ இருவரும் சேர்ந்த நிறுவனமும் நடத்துவதென்று ஒப்பந்தமானது. இவ்வளவு நல்ல ஆழ்கடல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தும் அவ்வளவு காலம் கிடந்தனவே என்று வெளியூர்க்காரர் வியப்பார்கள். தாங்கிக்குள் எண்ணெய் வந்து போவதற்குக் கப்பலும் குழாயும் வாங்குகிறவரும் வேண்டும், இரும்பு மட்டும் போதாது.

அறிகுறி: மூடை எண்ணிக்கை சரி, எடை குறைகிறது

இதில் என் தலையில் ஒரு குட்டு விழுந்தது.

ஒரு பெரும்போக அறுவடை. மாசி மாதம், வெட்டு மெஷின் வந்த பிறகு எல்லா வயலும் ஒரே மூச்சில் அறுபடுகிறது. தம்பலகாமத்திலிருந்தும் கந்தளாயிலிருந்தும் காயாத நெல் அப்படியே மூடையில் ஏறி வந்தது. ஒரு மாதம் கழித்து வெளியே அனுப்பும்போது தராசில் பார்த்தால் 10 தொன்னுக்கு 400 கிலோவுக்கு மேல் குறைவு. நான் நேரே நாட்டாமைமாரின் தலைவரிடம் போய், கிண்ணியாவைச் சேர்ந்த வயதான மனிதர் அவர், கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. தோளில் இருந்த சாக்குத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மூடை எண்ணிக்கை சரியாத்தானே இருக்கு, தம்பி. நாங்க எடுத்தா மூடையல்லவா குறையும்?" என்றார்.

அன்று இரவு கணக்குப் போட்டேன். 18 சதவீத ஈரப்பதன் உள்ள நெல் 100 கிலோவில் உலர்ந்த பொருள் 82 கிலோ. அது காய்ந்து 14 சதவீத ஈரத்துக்கு வந்தால், அந்த 82 கிலோ மொத்தத்தில் 86 சதவீதமாகிறது. 82 ஐ 0.86 ஆல் வகுத்தால் 95.35 கிலோ. 100 கிலோவுக்கு 4.65 கிலோ காற்றில் போய்விட்டது. 10 தொன்னுக்கு 465 கிலோ, 9 மூடைக்கு மேல். மறுநாள் போய், "நானா, பிழை என்னில்தான்" என்றேன். அவர் சிரித்துவிட்டு வெற்றிலைப் பையை நீட்டினார்.

ஆகவே வரிசை இப்படி. முதலில் ஈரமானி. வரும்போதும் போகும்போதும் அளந்து அட்டையில் எழுதுங்கள். 14 சதவீதம் என்பது நெல் சந்தைப்படுத்தும் சபையும் கேட்கும் அளவு, அதற்கு மேலே வருவதை அந்த ஈரத்தையும் எடையையும் சேர்த்தே பதிந்து, நெல்லுக்குச் சொந்தக்காரரிடம் கையொப்பம் வாங்குங்கள். இரண்டாவது தராசு. உள்ளே வரும்போது சாரதியும் கிளீனரும் லொறிக்குள் இருந்து, போகும்போது இறங்கி நின்றால் 130 கிலோ வித்தியாசம் அங்கேயே வந்துவிடும். மழை நாளில் நனைந்த படங்கும் எடைதான். மூன்றாவது, அடிவரிசை. சீமெந்துத் தரையில் நேரே அடுக்கிய மூடை கார்த்திகை, மார்கழி மழையில் அடியிலிருந்து ஈரம் இழுக்கும். அதன் எடை கூடும், அப்புறம் பூஞ்சணம் பிடிக்கும். மரத்தட்டு போட்டு, சுவரிலிருந்து ஓர் ஆள் நடக்கும் அளவு இடம் விட்டு அடுக்குங்கள். எலியும் அங்கேதான் அகப்படும். இந்த மூன்றும் சரி என்றான பிறகும் குறைந்தால், அப்போது களவைப் பற்றிப் பேசலாம்.

அறிகுறி: மீற்றர் ஓடுகிறது, காசு நிற்கவில்லை

கொப்பியில் வெறும் லொறியாக ஓடிய கிலோமீற்றரைக் கூட்டிப் பாருங்கள்.

எங்கள் ஊரின் சரக்கு ஒருபக்கம் சாய்ந்தது. கோதுமையும் கிளிங்கரும் (அரைத்தால் சீமெந்தாகும் கட்டி) கப்பலில் வந்து, மாவாகவும் சீமெந்தாகவும் லொறியில் வெளியே போகின்றன. நெல் போகிறது, மீன் போகிறது. வருவது மரக்கறி, கடைச் சாமான், கொழும்பில் இறங்கிய கொள்கலன் பொருள். போவதன் எடைக்கு வருவது ஈடில்லை. அதனால் 10 தொன் லொறி ஒன்று கொழும்புக்கு நிறையப் போய் வெறுமனே வருவது வழக்கமாகிவிட்டது.

போக 260, வர 260 கிலோமீற்றர். லீற்றருக்கு 4 கிலோமீற்றர் என்றால் 130 லீற்றர் டீசல். செய்த வேலை 10 தொன் × 260 = 2,600 தொன்-கிலோமீற்றர். ஒரு தொன்னை ஒரு கிலோமீற்றர் கொண்டுபோக 50 மில்லிலீற்றர். திரும்பும்போது 5 தொன் ஏற்றினால் டீசல் கொஞ்சம் கூடி 142 லீற்றர் என்று வைத்தாலும், வேலை 3,900 ஆகிறது, தொன்-கிலோமீற்றருக்கு 36 மில்லிலீற்றர்தான். எந்த எஞ்சின் ரிப்பேரும் உங்களுக்கு இந்த மிச்சத்தைத் தராது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ரிட்டர்ன் லோட் ஆசையில் கொழும்பில் இரண்டு நாள் லொறியைப் போட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த லோட்டுக்குக் கிடைக்கும் வாடகையிலிருந்து கூடுதல் டீசலையும், லொறி ஒரு நாள் ஊரில் உழைக்கும் காசு × காத்திருந்த நாட்களையும் கழியுங்கள். மிச்சம் வந்தால் காத்திருந்தது சரி. பல தடவை வராது. அப்படியான நேரம் வெறுமனே தம்புள்ளை வரை வந்து, பொருளாதார நிலையத்தில் மரக்கறி ஏற்றுவது மேல். கடைசி 110 கிலோமீற்றராவது லோட்டுடன் வரும். அறுவடைக் காலத்தில் எதையும் பார்க்காமல் ஓடி வந்துவிடுங்கள். அப்போது இங்கே லொறிக்கு உள்ள கேள்வி அங்கே கிடைக்கும் எந்த ரிட்டர்ன் லோட்டையும் விடப் பெரியது.

அறிகுறி: டீசல் குடிக்கிறது

2022 தொடக்கத்தில் ஒட்டோ டீசல் லீற்றர் 121 ரூபா. அதே வருடம் ஜூன் கடைசியில் 460. மேலே சொன்ன 130 லீற்றர் 15,730 ரூபாவிலிருந்து 59,800 ஆனது. அன்றிலிருந்து எல்லாரும் டீசலை அளக்கப் பழகிவிட்டார்கள், அது நல்லது. ஆனால் டாங்கை நிரப்பி, ஓடி, மறுபடி நிரப்பித்தான் அளக்க வேண்டும். முள்ளைப் பார்த்து அல்ல.

டயரில் காற்று குறைந்தால் டீசல் கூடப் போகும். காலையில், ஓடுமுன், சில்லு சூடேறாதபோது பாருங்கள். வரிசையில் நிற்கும்போது எஞ்சினைப் போட்டுக்கொண்டு நிற்பது இன்னொன்று, அதற்கு மருந்து முதல் அறிகுறியில் இருக்கிறது. கூடுதல் பாரம் ஏற்றினால் மிச்சம் என்று நினைப்பவர்களுக்கு: அச்சில் ஏறும் பாரம் 20 சதவீதம் கூடினால் வீதிக்கு ஏற்படும் சேதம் இரண்டு மடங்காகிறது. அந்த வீதியில் நாளைக்கும் உங்கள் ஸ்பிரிங்தான் ஓட வேண்டும்.

அறிகுறி: கொப்பியெல்லாம் சரி, உண்மையாகவே லோட் குறைந்திருக்கிறது

அப்படியும் நடக்கும். லொறிக்காக யாரும் லொறி பிடிப்பதில்லை. நெல் விளைந்தால், வீடு கட்டினால், கடையில் சாமான் விற்றால்தான் லொறி. ஆகவே முதலில் காலத்தைப் பாருங்கள். மாசி பங்குனியிலும் ஆவணி புரட்டாதியிலும் நெல். வைகாசி தொடங்கி நிலாவெளிப் பக்கம் சுற்றுலாக்காரர், அவர்களோடு குடிபானமும் கடைச் சாமானும். கார்த்திகை தொடங்கினால் மழை, கடலும் கொந்தளிப்பு, மீனும் குறைவு. இந்த மாதத்தைப் போன மாதத்தோடு ஒப்பிட்டால் வருடம் முழுக்க ஒன்று பயமாக இருக்கும், இல்லாவிட்டால் பெருமையாக இருக்கும். போன வருடத்து இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

அப்படியும் குறைவென்றால் இரண்டாகப் பிரியுங்கள்: எத்தனை தடவை அனுப்பினார்கள், ஒரு தடவைக்கு எவ்வளவு. தடவை குறைந்தால் வாடிக்கையாளர் போய்விட்டார், அல்லது அவருடைய வியாபாரமே படுத்துவிட்டது. ஆலையில் நல்ல பழக்கம் இருந்தால், மொத்தம் எத்தனை லொறி வெளியே போனது, அதில் எங்களுடையது எத்தனை என்று கேட்டாலே எது என்று விளங்கிவிடும். தடவை அப்படியே இருந்து அளவு மட்டும் குறைந்தால் கதை வேறு. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை (வங்கிகளின் கடன் வட்டிக்கு அடிப்படை) ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி உயர்த்தியபோது, கடனுக்குச் சாமான் எடுத்து அடுக்கி வைத்திருந்த கடைக்காரர்கள் கையைச் சுருக்கினார்கள். 200 மூடை எடுத்தவர் 50 எடுத்தார், ஆனால் கிழமைக்குக் கிழமை எடுத்தார். பெரிய லொறி வைத்திருந்தவர்கள் வேலை இல்லை என்றார்கள். நாலு கடையின் சாமானை ஒரே லொறியில் சேர்த்து, மூதூர் வீதியில் வரிசையாக இறக்கிக்கொண்டு போனவர்களுக்கு வேலை இருந்தது.

அறிகுறி: எதுவுமே பொருந்தவில்லை

அப்படியென்றால் கொப்பியைப் பாருங்கள். வந்த நேரம் எல்லாம் 8.00, 8.30, 9.00 என்று உருண்டையாக இருக்கிறதா? இரண்டு கிழமையும் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரு வெட்டும் இல்லாமல் எழுதியிருக்கிறதா? ஒரு மழைத்துளியோ தேநீர்க் கறையோ இல்லையா? அது வாயிலில் எழுதிய கொப்பி இல்லை. பின்னேரம் மேசையில் உட்கார்ந்து நிரப்பியது. காவலரை ஏசாதீர்கள், பெரும்பாலும் அவருக்குக் கூட்டில் மணிக்கூடு இருந்திருக்காது. ஒன்று வாங்கி மாட்டுங்கள், பேனை காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இன்னும் இரண்டு கிழமை எழுதச் சொல்லுங்கள். 8.17, 10.43 என்று வரத் தொடங்கினால் மேலே உள்ள முதல் தலைப்பிலிருந்து திரும்பத் தொடங்கலாம்.